எட்டு நிமிடப் பசை

எட்டு நிமிடம். பொடியில் திரவத்தை ஊற்றிக் கலக்கத் தொடங்கியதிலிருந்து அந்தப் பசை கல்லாக இறுகும்வரை ஆகும் நேரம் அது. அதை உண்டாக்கியவருக்கு வயது நாற்பத்து மூன்று. அதில் பதினோரு வருடம் இந்த எட்டு நிமிடத்துக்கே போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் அவரைச் சிமெண்ட் மேடம் என்பார்கள். யார் வைத்த பெயரென்று யாருக்கும் தெரியாது. அப்படி அழைக்காதவர்களும் கிடையாது. அவருடைய ஆய்வுக்கூடம் பின்கட்டில், சலவைக்கூடத்துக்கும் ஆக்ஸிஜன் சிலிண்டர் கொட்டகைக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கச் சுவரில் நீராவியின் வெக்கை, இன்னொரு பக்கம் இரும்பை உருட்டும் சத்தம். உள்ளே மட்டும் பல் கிட்டும் குளிர். பொடிக்கு ஈரம் ஆகாது என்பதால் ஏசி இரவு பகலாக ஓடும். அதன் ரிமோட்டை அவர் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருந்தார். உள்ளே வருகிறவர்கள் கையைத் தேய்த்துக்கொண்டே பேசுவார்கள், பேச்சையும் சீக்கிரம் முடித்துக்கொள்வார்கள். அது அவருக்கு வசதியாகவும் இருந்தது.

வேலை என்னவென்று யாராவது கேட்டால் பொறுமையாகச் சொல்வார். முறிந்த எலும்பு தானாகவே கூடிவிடும். ஆனால் கட்டி வந்து அரித்தோ, விபத்தில் நொறுங்கியோ எலும்பில் பள்ளமே விழுந்துவிட்டால் கூடாது. அவ்வளவு பெரிய இடைவெளியைத் தாண்ட அதற்குத் தெரியாது. அதே நோயாளியின் இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்பைச் சுரண்டி எடுத்துப் பள்ளத்தில் அடைப்பதுதான் வழக்கமான வைத்தியம். ஒரு காயத்தை ஆற்ற இன்னொரு காயம். அதற்கு மாற்றாகத்தான் இந்தப் பசை. எலும்பில் இருக்கும் அதே கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த பொடி, அதனுடன் உடம்போடு ஒட்டிக்கொள்ளும் ஒருவகைக் கண்ணாடித் தூள். திரவம் விட்டுக் கலந்தால் பசை, பள்ளத்தில் நிரப்பினால் கல். பிறகு உடம்பு அந்தக் கல்லை மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, கரைந்த இடத்தில் தன் சொந்த எலும்பைக் கட்டிக்கொள்ளும்.

"குடித்தனக்காரர் மாதிரி," என்பார். "வீட்டுக்காரர் வர்ற வரைக்கும் இருந்துட்டு, வந்ததும் சண்டை போடாம காலி பண்ணிட்டுப் போயிடணும்."

"அப்படி ஒரு குடித்தனக்காரரை நான் பாத்ததே இல்லையே மேடம்," என்றார் ஒருமுறை கணக்குப் பிரிவிலிருந்து வந்தவர்.

"அதனாலதான் பதினோரு வருஷம் ஆகுது."

அவர் இருப்பது அண்ணன் வீட்டு மாடியில். அண்ணன் கட்டட மேஸ்திரி. இரண்டு பேரும் சிமெண்ட்டில் பிழைப்பவர்கள் என்பதால் சாப்பாட்டு மேசையில் அந்தப் பேச்சு ஓயாது.

"பாப்பா, நான் ஒரு மூட்டை கொட்டினா ஒரு தூண் எழும்பும். நீ இத்தனை வருஷமா ஒரு ஸ்பூன் சிமெண்ட்டையே கிண்டிட்டு இருக்க."

"உன் தூண் கரைஞ்சா அந்த எடத்துல புதுத் தூண் முளைக்குமா?"

"கரையறதுல ஒண்ணும் குறையில்ல. முளைக்கத்தான் மாட்டேங்குது."

எட்டு நிமிடம் என்பது டாக்டர்கள் கேட்ட வரம். அதற்கு முன்பே இறுகினால் பசை கிண்ணத்திலேயே கல்லாகிவிடும். பிந்தினால் பள்ளத்தில் ஊறும் ரத்தம் அதை அடித்துக்கொண்டு போய்விடும். உள்ளே போனபின் உடம்புச் சூடு பார்த்துக்கொள்ளும் என்றாலும், முதல் சில நிமிடங்களைப் பசை தன் சொந்த பலத்தில்தான் தாக்குப்பிடிக்க வேண்டும். இறுகியதா என்று பார்ப்பதற்கு எடை கட்டிய ஓர் ஊசி உண்டு. அதைப் பசையின்மேல் மெல்ல இறக்குவார்கள். தடம் விழுந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். விழாவிட்டால் முடிந்தது.

ஆய்வுக்கூடத்தில் முடிந்தது. ஆடுகளின் கால் எலும்பிலும் முடிந்தது. ஒவ்வொரு தடவையும் பசையைக் கலந்தவர் அவரேதான். அதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை, வேறு ஆள் இல்லை. மீதமிருந்தது மனிதர்கள். அதற்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு கூடும் நாள் குறித்தாகிவிட்டது. முதல் நோயாளியும் தயார்: ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் நீர்க்கட்டி வந்து, வழித்தெடுத்தால் ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுக்குப் பள்ளம் விழும் என்று படம் சொன்னது. இந்தத் தடவை அனுமதி தவறினால் திட்டம் பின்வரிசைக்குப் போய்விடும், மறுபடி முன்னால் வர வருடக்கணக்காகும். இதை அவருக்கு யாரும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

குழு கூடுவதற்குப் பத்து நாள் முன்பு எலும்பு டாக்டர் ஒத்திகை பார்க்க ஆசைப்பட்டார். உரத்த குரல், வேகமான கை, எதையும் ஒருமுறை தானே செய்து பார்த்தால்தான் நம்புவார். ஆபரேஷன் தியேட்டரில் ஒரு பிளாஸ்டிக் எலும்பை மேசைமேல் பொருத்தி, அதன் பள்ளத்தில் ரத்தத்துக்குப் பதிலாக உப்புத் தண்ணீர் கசியும்படி குழாய் வைத்தார்கள். குளிர்ப்பெட்டியிலிருந்து திரவக் குப்பியை எடுத்து, குறிப்பில் இருந்தபடி அறை வெப்பத்துக்கு வரட்டும் என்று மேசைமேல் வைத்தார்கள். பிறகு டாக்டர் கலந்தார், நிரப்பினார். தியேட்டர் சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

எட்டாம் நிமிடம் ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. பன்னிரண்டில் பள்ளத்தின் விளிம்பிலிருந்து பசை வெள்ளையாக ஒழுக ஆரம்பித்தது. பிறகு தட்டு முழுக்க வெள்ளை.

பின்கட்டில் போன் அடித்தது.

"மேடம், உங்க சிமெண்ட் அழுதுட்டே இருக்கு. கொஞ்சம் வந்து சமாதானம் பண்ணுங்க."

அவர் போனார். அதே பெட்டியிலிருந்து இன்னொரு பொட்டலம், இன்னொரு குப்பி எடுத்து அதே மேசையில் கலந்தார். எட்டாம் நிமிடம் ஊசி தடமில்லாமல் நின்றது.

டாக்டர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "நான் என்ன பாவம் பண்ணேன் சிஸ்டர்?"

"அதெல்லாம் கைராசி டாக்டர். முன்னாடி எங்க வார்டுல ஒரு அக்கா இருந்தாங்க, அவங்க ஊசி போட்டா புள்ளைங்க அழவே அழாது."

"அப்ப என் கைக்கு ராசியே இல்லையா?"

"வெட்டறதுக்கு இருக்கு. கலக்கறதுக்கு இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். சிமெண்ட் மேடமும் சிரித்தார். விஷயம் துறைத் தலைவருக்குப் போனபோது அவர் சிரிக்கவில்லை, ஆனால் கவலைப்படவும் இல்லை. தீர்வு அவருக்கு உடனே கிடைத்துவிட்டது. "மேடமே தியேட்டர்ல நின்னு கலந்து குடுக்கட்டும். முதல் பத்துப் பேருக்குத்தானே. அப்புறம் பாத்துக்கலாம்."

அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது முதல் பாதி வழி அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பாலம் தாண்டியதும் அது கசக்கத் தொடங்கியது. கைராசி என்றால் ஊசி போடுகிறவருக்குப் பாராட்டு, மருந்து செய்கிறவருக்குப் புகார். அவர் கை பட்டால் மட்டும் இறுகும் பசையை, அவர் முகத்தையே பார்த்திராத ஊரில் யார் எப்படி ஒரு காலுக்குள் வைப்பார்கள்?

அண்ணனுக்கு இது விளங்கவே இல்லை. "நல்லதுதானே பாப்பா? இனி உன்னை அங்கருந்து யாரும் அசைக்க முடியாது. ஆஸ்பத்திரியே உன் கையில."

"நான் காய்ச்சல்ல படுத்தா?"

"படுக்காத."

மறுநாளும் அதற்கு மறுநாளும் அவர் தியேட்டருக்குப் போய் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று கலந்தார். தட்டைக் கரண்டியை எந்தக் கோணத்தில் பிடிக்கிறார், எத்தனை சுற்று, எவ்வளவு அழுத்தம் என்று டாக்டர் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தார். பார்த்ததை அப்படியே செய்தார். அவர் பசை அழுதது. கரண்டியை மாற்றினார்கள், கிண்ணத்தை மாற்றினார்கள், கையுறையைக்கூட மாற்றினார்கள். டாக்டர் பசை அழுதுகொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. "இனிமே நீங்க ஒண்ணும் கலக்க வேண்டாம் மேடம். நீங்க செய்யற மாதிரியே முதல்லருந்து எல்லாத்தையும் எடுத்து எடுத்துக் குடுங்க, நான் கலக்கறேன். கிண்ணம்?"

கொடுத்தார்.

"பொடி?"

கொடுத்தார்.

"குப்பி?"

"குடுத்தேனே."

"எங்க குடுத்தீங்க?"

அவர் மேசையைப் பார்த்தார். டிரேயைப் பார்த்தார். குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்த்தார். சிஸ்டர் குனிந்து மேசைக்கு அடியில் தேடினார்.

"மேடம்," என்றார் டாக்டர், "உங்க இடது கையில என்ன?"

குப்பி உள்ளங்கைக்குள் இருந்தது. குருவிக்குஞ்சைப் பிடிப்பதுபோல விரல்கள் அதைப் பொத்தியிருந்தன. பெட்டியிலிருந்து எடுத்த அந்த நிமிடத்திலிருந்தே அது அங்கேதான் இருந்திருக்கிறது. டாக்டர் வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது. வாங்கிய கையோடு கலந்தார். எட்டாம் நிமிடம் ஊசி தடமில்லாமல் நின்றது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

யோசித்துப் பார்த்ததில் அவருக்கு நினைவு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேசையில் வைத்த குப்பி ஒன்று உருண்டு விழுந்து உடைந்தது. மறுநாள் முதல் அவர் குப்பியை மேசையில் வைப்பதை விட்டார். எடுப்பார், கைக்குள் பொத்திக்கொள்வார், பொடி நிறுப்பார், கிண்ணம் துடைப்பார், பிறகு ஊற்றுவார். குறிப்பில் ‘அறை வெப்பத்துக்கு வந்தபின்’ என்று எழுதியவர் அவர்தான். அவருடைய அறை எது என்பதைத்தான் எழுதாமல் விட்டிருந்தார்.

அன்று மாலை தன் மேசையில் அவரே ஒரு குப்பியை மேசைமேல் வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். பிறகு கலந்தார். ஊசி தடமில்லாமல் நிற்கப் பத்தொன்பது நிமிடம் ஆயிற்று.

இதற்குத் தீர்வு எளிது என்றார் துறைத் தலைவர். குப்பியை முப்பது டிகிரிக்குச் சூடாக்கவும் என்று குறிப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டியது. தியேட்டரில் சூடாக்கும் பெட்டி இருக்கிறது. பழைய கணக்கெல்லாம் அப்படியே நிற்கும். "ஒரே ஒரு வரி மேடம். இதைப் போய் ஒரு பிரச்சினைன்னு குழு முன்னாடி வைப்பாங்களா?"

வரி நியாயமானதாகத்தான் தெரிந்தது. அவருக்கும் அதைச் சேர்க்கக் கை துறுதுறுத்தது. சேர்ப்பதற்கு முன், தன் கைக்குள் குப்பி உண்மையிலேயே முப்பதுக்குத்தான் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வெப்பமானியைக் குப்பியோடு சேர்த்துப் பொத்தினார். முப்பது காட்டியது. கை கழுவிவிட்டு வந்து மறுபடி பொத்தினார். இருபத்தைந்தைத் தாண்டவில்லை. மதியம் சலவைக்கூடத்துப் பக்கம் நின்று பேசிவிட்டு வந்து பொத்தினார். முப்பத்துமூன்று.

அப்போதுதான் மேசைக்கு அடியில் இருந்த டப்பாக்கள் அவருக்கு உறுத்தின. இறுகாமல் போன மாதிரிகளை அவர் எறிவதில்லை. தேதி ஒட்டிய பிளாஸ்டிக் டப்பாக்களில், உதிர்ந்த சாக்பீஸ் துண்டுகள்போல அவை அடுக்கடுக்காகக் கிடந்தன. பெரும்பாலும் மழைக்காலத்துத் தேதிகள். பொடியில் ஈரம் ஏறிவிட்டது என்றுதான் அத்தனை வருடமும் நினைத்திருந்தார். அதனால்தான் ஏசியைக் கூட்டிக்கொண்டே போனார். குடை பிடித்த கை, பஸ் கம்பியைப் பிடித்த கை, நனைந்து சில்லிட்ட கை. அந்தக் கைக்குள் குப்பி குளிராகவே இருந்திருக்கிறது. பொடியின்மேல் போட்ட பழி முழுக்கக் கையினுடையது. அறையைக் குளிராக்கக் குளிராக்கக் கை இன்னும் இறுக்கிப் பொத்தியிருக்கிறது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை தலைவரிடம் போனார்.

"சார், அந்த வரியை எழுத முடியாது. முப்பதுன்னு எப்படிச் சொல்றது? ஆட்டுக்கு வச்ச அன்னிக்கு என் கை எவ்வளவு சூடா இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. இறுகலைன்னு ஒதுக்கி வச்ச கணக்குலயும் எது பொடியோட தப்பு, எது என்னோடதுன்னு தெரியாது."

"பதினோரு வருஷம் மேடம்."

"ஆமா சார். எனக்குந்தான்."

"இந்தத் தடவை விட்டா வரிசையில கடைசிக்குப் போயிடுவோம். தெரியும்தானே?"

"தெரியும்."

"உங்க டாக்டர் என்ன சொல்றார்?"

"சூடு பண்ணிக்கலாம்னுதான் சொன்னார். சூடு பண்ற பெட்டி இல்லாத ஆஸ்பத்திரில என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். கையில பொத்திக்குவேன்னார்."

தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார் என்பது தெரிந்தது. ஆனால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும் தாளில் கையெழுத்துப் போட அவருக்கு மதியம்வரை ஆயிற்று. அதுவரை மேடம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுந்து போனால் மனம் மாறிவிடுவார் என்ற பயம். யாருடைய மனம் என்று அவர் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

ஆம்புலன்ஸ் ஓட்டுநரிடம் தானே சொல்வதாக ஏற்றுக்கொண்டார். ஓட்டுநர் வண்டி நிறுத்தும் கொட்டகையில், ஆம்புலன்ஸின் பின்கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, வலிக்கும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, இந்தத் தடவை நம்ம சிமெண்ட் இல்ல. தள்ளிப் போயிடுச்சு."

"ஏம்மா, ஸ்டாக் இல்லையா?"

"இருக்கு. சரியா இறுகுமான்னு எனக்கே உறுதியாத் தெரியல."

ஓட்டுநர் நீட்டிய காலைத் தடவிக்கொண்டார். "அப்ப எனக்கு?"

"பழைய முறைதான். இடுப்புலருந்து எடுத்து வைப்பாங்க. கால் ஆறிடும். இடுப்புல கொஞ்ச நாள் வலி இருக்கும்."

"இருக்கட்டும். இடுப்பு இவ்வளவு நாளா சீட்டுல சும்மா உக்காந்துதானே இருந்துச்சு. கொஞ்சம் வேலை செய்யட்டும்." பிறகு கேட்டார்: "நீ ஒண்ணும் சொல்லாம விட்டிருந்தா எனக்கு வச்சிருப்பாங்கல்ல?"

"வச்சிருப்பாங்க."

"நின்னிருக்குமா?"

"நான் கலந்திருந்தா, நின்னிருக்கும்னு நினைக்கறேன்."

ஓட்டுநர் கம்பியைப் பிடித்து எழுந்து வண்டிக் கதவைச் சாத்தினார். அவருக்கு அந்த மாதமே ஆபரேஷன் நடந்தது. கால் சீக்கிரம் தேறியது. இடுப்புதான் சொன்னதைவிட அதிக நாள் வலித்தது, அதை அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார், மேடம் காதில் விழும்படியும் இரண்டு தடவை சொன்னார்.

அதற்குப் பிறகு ஆய்வுக்கூடத்தில் இரண்டு மாற்றங்கள். ஏசி ரிமோட் இழுப்பறையை விட்டு வெளியே வந்து சுவரில் தொங்கியது. அதைவிடப் பெரிய மாற்றம், மேடம் கலப்பதை நிறுத்திவிட்டார். பொடியை முன்னிலும் மெல்லியதாக அரைத்தார், கண்ணாடித் தூளின் பங்கை மாற்றினார், நிறுத்தார், பொட்டலம் கட்டினார். கலப்பதற்கு மட்டும் வெளியிலிருந்து ஆள் பிடித்தார். காவலாளி, கணக்குப் பிரிவுக்காரர், சலவைக்கூடத்துப் பெண்கள், எதற்கோ அந்தப் பக்கம் வந்த யாரும் தப்பவில்லை. குறிப்பைப் படிக்கச் சொல்வார், குப்பி மேசைமேல் நிற்க ஒரு மரத்துண்டில் குழி செதுக்கி வைத்திருந்தார், தான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்.

ஒருநாள் குடை கொண்டுவந்து கொடுக்க வந்த அண்ணனும் மாட்டினார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, கிண்ணத்தை ஒருதரம் முகர்ந்து பார்த்தார்.

"தண்ணி பத்தலையே பாப்பா."

"அளந்துதான் இருக்கு. ஊத்து."

"மணல்?"

"அண்ணா, கலக்கு."

கலந்தார். ஊசி இறங்கும்போது அவர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். ஒன்பது நிமிடத்தில் தடமில்லாமல் நின்றது. "பாத்தியா, அனுபவம்," என்றார். அவருக்கு முன்னால் சலவைக்கூடத்துப் பெண் கலந்ததும் ஒன்பதுதான், கணக்குப் பிரிவுக்காரருடையது ஒன்பதரை. மேடம் அதை அண்ணனிடம் சொல்லவில்லை.

மறுபடி ஆடுகள். மறுபடி படங்கள், வெட்டிப் பார்த்த துண்டுகள், கல் கரைந்த இடத்தில் எலும்பு ஏறியிருக்கிறதா என்று நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துப் பார்த்த மாதங்கள். ஏறியிருந்தது. இந்தத் தடவை ஆடுகளுக்குக் கலந்தவர்கள் கால்நடை டாக்டரும், அவர் வராத நாட்களில் எலும்பு டாக்டரும். எலும்பு டாக்டரின் பசை அழவில்லை, எட்டாம் நிமிடம் இறுகி நின்றது. தனக்கும் கைராசி வந்துவிட்டது என்று அவர் தியேட்டர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். சிஸ்டர்தான் தலையில் ஒரு குட்டு வைப்பதுபோலத் திருத்தினார்: "உங்களுக்கு வரல டாக்டர். மேடத்துகிட்டருந்து போயிடுச்சு."

நெறிமுறைக் குழு வரும் மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை கூடுகிறது. உறுப்பினர்களுக்கு முன்னால் பசையைக் கலந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். கலக்கப்போகிறவர் வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து வரும் செவிலியர்; இதுவரை அந்தப் பொட்டலத்தைப் பார்த்ததில்லை. மேடத்துக்குப் பின்வரிசையில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள்.